அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சமய உரையாடல் ஆய்வு: மதுரை வட்டாரக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரை வட்டாரக் கல்லூரி ஒன்றில் தமிழோ வரலாறோ மெய்யியலோ கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு நாள் அந்த மின்னஞ்சல் வந்து சேரும். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இந்தோனேசியாவிலோ உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறை, சமயங்களுக்கிடையிலான உரையாடலையும் பண்பாட்டுப் புரிதலையும் பற்றி நம்மோடு சேர்ந்து ஆராய விரும்புவதாக அதில் எழுதியிருக்கும். கல்லூரி முழுவதும் மகிழும். இரண்டே மாதத்தில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வோம். அதன்பின் என்ன செய்வது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் ஒப்பந்தக் காலம் முடிந்துபோகும். அப்படி நின்றுபோன ஒப்பந்தங்கள் இரண்டில் நானும் உறுப்பினராக இருந்திருக்கிறேன். அவற்றால் வீணான உழைப்பை நினைத்து வருந்தியதாலும், பிறகு நல்லபடியாக நடந்த பணிகளில் கற்றுக்கொண்டது மற்றவர்களுக்கும் உதவும் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

நான் கண்டவரை, நடந்த திட்டத்துக்கும் நின்றுபோன திட்டத்துக்கும் வேறுபாடு பணத்தில் இல்லை. கேள்வி இந்த மண்ணில் பிறந்திருந்தால் பணி நடந்தது. கிடைத்த விடை இந்த மண்ணுக்குத் தமிழில் திரும்பி வந்தபோது அது நிலைத்தது. கீழே சொல்லும் வழிமுறைகள் எல்லாம் இந்த இரண்டையும் உறுதிப்படுத்துவதற்காகவே.

முதலில் நம் ஊருக்குள் ஒரு கூட்டு

அயல்நாட்டுக்குப் பதில் எழுதுவதற்கு முன் பக்கத்துக் கல்லூரிக்குப் போங்கள். அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, பாத்திமா கல்லூரி, வக்ஃபு வாரியக் கல்லூரி, அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகமாகிய இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என, வெவ்வேறு சமயப் பின்னணியும் பொதுப் பின்னணியும் கொண்ட நிறுவனங்கள் ஒரு நகரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கியிருக்கும் ஊர் இது. ஆனாலும் ஒரு கல்லூரியின் ஆசிரியர் இன்னொன்றின் நூலகத்தைப் பார்க்காமலேயே ஓய்வு பெறுவது இங்கே இயல்பாக இருக்கிறது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அங்கே அரசுப் பல்கலைக்கழகமாகிய கஜா மாடா, இஸ்லாமிய அரசுப் பல்கலைக்கழகமாகிய சுனன் கலிஜகா, கிறித்தவப் பல்கலைக்கழகமாகிய டூட்டா வாசனா ஆகிய மூன்றும் சேர்ந்து 2006 முதல் சமயவியலில் ஒரே முனைவர் பட்ட ஆய்வுத் திட்டத்தை நடத்துகின்றன. வெளியிலிருந்து வரும் அறிஞர் அங்கே ஒரு சமயத்தாரின் விருந்தினராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மூன்று தரப்பின் கேள்விகளுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். மதுரையில் அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே முடியாது. ஆனால் மூன்று கல்லூரிகளிலிருந்து இரண்டிரண்டு ஆசிரியர்கள் மாதம் ஒரு மாலை கூடி, ஒவ்வொரு முறையும் ஒருவர் தம் சமய மரபின் நூற்பகுதி ஒன்றை மற்றவர்களுக்கு விளக்குவது நாளையே தொடங்கக் கூடியது. அப்படி ஆறு மாதமாவது தமக்குள் பேசிப் பழகியவர்கள், அயல்நாட்டு அழைப்பு வரும்போது தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்வார்கள்.

கேள்வி ஓர் இடத்தில் நிற்க வேண்டும்

“தமிழகத்தில் சமய நல்லிணக்கம்” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. அது மேடைத் தலைப்பு. அதை எடுத்துக்கொண்டால் எல்லாரும் எல்லாரையும் பாராட்டிவிட்டுக் கலைவார்கள். ஒரு மலை, ஒரு தெரு, ஒரு விழா, ஒரு சொல் என்று கைக்கு அடங்குவதாகக் கேள்வி இருக்க வேண்டும்.

கீழக்குயில்குடியை எடுத்துக்கொள்வோம். சமணர் மலையின் மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. மலையடியில் தாமரைக் குளமும் ஊர் மக்கள் கும்பிடும் காவல் தெய்வங்களின் கோயிலும் இருக்கின்றன. இன்று அந்த ஊரில் சமணர் இல்லை. மேலே அமர்ந்திருப்பவர்களை ஊர் மக்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறார்கள், வட இந்தியச் சமணர்கள் வந்து வணங்கும்போது என்ன நினைக்கிறார்கள் என்பது நல்ல கேள்வி. அதே வகையில், சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூருக்குப் போகும் இரவைத் துலுக்க நாச்சியாரின் வீட்டில் தங்கும் இரவாக மக்கள் சொல்லும் வழக்கு, கோயில் மரபில் சொல்லப்படுவதிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறது என்பதும் நல்ல கேள்வி. இரண்டுக்கும் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு விடை காண முடியும்.

சொல்லிலிருந்தும் தொடங்கலாம். எங்கள் மாணவர்களோடு நான் அதிகம் மகிழ்ந்து செய்த பணி “பள்ளி” என்னும் ஒரே சொல்லைப் பற்றியது. மாங்குளம் மலையில், பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் வரும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில், சமணத் துறவிக்குச் செய்து கொடுத்த இருப்பிடம் பள்ளி எனப்படுகிறது. மதுரைக்காஞ்சி பௌத்தர் பள்ளியையும் அந்தணர் பள்ளியையும் சமணர் பள்ளியையும் ஒரே நகரில் காட்டுகிறது. மீனாட்சியம்மன் கோயிலில் இன்றும் இரவில் நடப்பது பள்ளியறைப் பூசை. காஜிமார் தெருவில் இருப்பது பள்ளிவாசல். மலையாள நாட்டில் கிறித்தவர்களின் தேவாலயமும் பள்ளிதான். பிள்ளைகள் தினமும் போவது பள்ளிக்கூடம். ஒரு பிற்பகலில் இவ்வளவையும் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்து, “எங்க வாப்பா தொழப் போறதும் நான் படிக்க வர்றதும் ஒரே சொல்லுன்னு இன்னைக்குத்தான் சார் யோசிக்கிறேன்” என்றார். அந்த வகுப்பின் குறிப்பிலிருந்தே பின்னர் ஒரு கூட்டாய்வின் முன்மொழிவு உருவானது.

சொற்களுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்

வினாப்பட்டியலுக்கு முன் சொற்பட்டியல் வேண்டும். இந்தத் துறையில் பயன்படும் ஆங்கிலச் சொற்களுக்கு நேர்த் தமிழ்ச் சொல் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். சமயம், மதம், மார்க்கம், வேதம், நெறி ஆகிய ஐந்தும் ஒன்றல்ல. இஸ்லாமியர் வீட்டில் மார்க்கம் என்பதும், கிறித்தவ ஊர்களில் வேதம் என்பதும், சைவ மடத்தில் சமயம் என்பதும் தத்தமக்கு உரிய பொருளோடு வழங்குகின்றன. மதம் என்று கேட்டால் இன்றைய நாளில் பலருக்குச் சண்டையோ மாற்றமோதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

எங்கள் முதல் திட்டத்தில் வினாக்கள் வெளிநாட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இங்கே மொழிபெயர்க்கப்பட்டன. பிற மதத்தின் மீது எவ்வளவு நம்பிக்கை உண்டு என்பது அவற்றுள் ஒன்று; மிகுதி, நடுத்தரம், குறைவு என மூன்று கட்டங்கள். வியாழக்கிழமை மாலை ஒரு தர்கா வாசலில், குங்குமப் பொட்டும் கையில் மல்லிகைச் சரமும் சர்க்கரைப் பொட்டலமுமாக நின்ற ஓர் அம்மாவிடம் எங்கள் மாணவி அதைக் கேட்டார். “நம்பிக்கையெல்லாம் எனக்கு என்ன தெரியும் தாயி. பேரப்புள்ள ராத்திரியெல்லாம் அலறிக்கிட்டே கெடந்துச்சு. இங்க வந்து தண்ணி ஓதி வாங்கிட்டுப் போனோம், சரியாப் போச்சு. அதுலருந்து வாரம் தவறாம வந்துர்றேன்” என்றார் அவர். மாணவி “குறைவு” என்னும் கட்டத்தில் குறியிட்டார். அவர் மீது குற்றமில்லை. “எனக்கு என்ன தெரியும்” என்ற விடைக்கு அந்தத் தாளில் வேறு இடம் இல்லை. வாரம் தவறாமல் பூ வாங்கிக்கொண்டு வருகிற ஒருவர் அறிக்கையில் பிற மத நம்பிக்கை குறைந்தவராகப் பதிவானார். அப்படி எத்தனை தாள்கள் பிழைபட்டன என்பதைப் பிறகு எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரு தரப்பும் சேர்ந்து முப்பது நாற்பது அடிப்படைச் சொற்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இங்குள்ள இந்து, இஸ்லாமிய, கிறித்தவ வீடுகளில் என்ன சொல்கிறார்கள் என்பதை மாணவர்கள் தங்கள் பாட்டிகளிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு எழுதட்டும். நம்பிக்கை, நேர்த்திக்கடன், துஆ, செபம், வேண்டுதல், அருள் வருதல், சலாம், திருவிருந்து ஆகியவை ஒன்றோடொன்று எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை மொழிபெயர்க்காமல் விளக்கமாக எழுதுங்கள். வினாக்களை முதலில் தமிழில் எழுதிவிட்டு அதன்பின் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த வரிசையை மாற்ற ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த உழைப்புக்கு இதே ஊரில் நானூறு ஆண்டுப் பழைய எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்து, சைவ உணவு உண்டு, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். அவருடைய முறையை அவர் சபையினரிலேயே சிலர் எதிர்த்தார்கள். வழக்கு கோவாவுக்கும் ரோமுக்கும் போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி அளித்த பிறகே தணிந்தது. மொழிக்காக அவர் எடுத்துக்கொண்ட முயற்சியை இன்றைய ஆய்வாளரும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவருடைய நோக்கம் மதமாற்றம், நம்முடையது அதுவன்று. இந்த வேறுபாட்டை வகுப்பில் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது, ஏனெனில் ஊருக்குள் போனால் முதலில் வரும் கேள்வியே “மதம் மாத்த வந்தீங்களா?” என்பதுதான். அந்த ஐயத்துக்கு வரலாறு இருக்கிறது. கேட்டவர் மீது சினம் கொள்ளாமல் அமைதியாகப் பதில் சொல்ல மாணவர்களைப் பழக்குங்கள்.

கூட்டாளியிடம் கேட்டுப் பெற வேண்டியவை

நம்மிடம் இடங்களும் மக்களும் மொழியும் இருக்கின்றன. அவர்களிடம் இருப்பவற்றுள் பெருமதிப்புள்ளது நம்மைப் பற்றிய பழைய ஆவணங்கள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் எழுதியனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும், அவர்களை அனுப்பிய சபையின் ஆவணங்களோடு ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய மிஷனின் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியில் ஹாலே நகரின் பிராங்கே அறக்கட்டளையில் உள்ளன. பழைய மதுரை மிஷனின் சேசு சபைக் கடிதங்கள் ரோமில் இருக்கின்றன. அதே சபையின் மதுரை மாகாண ஆவணக் காப்பகம் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருக்கிறது. ரோமுக்குப் போக விரும்பும் மாணவர் முதலில் வத்தலக்குண்டு வழியாக மலையேறிப் போய் அங்கே ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கட்டும். அந்த ஆவணங்கள் ஒரு தரப்பார் எழுதியவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த வட்டார மக்களைப் பற்றி அவற்றில் எழுதப்பட்டதை இந்த மக்களின் வாய்மொழியோடு ஒப்பிடும் பணிக்கு இரு தரப்பும் கட்டாயம் வேண்டும். உண்மையான கூட்டாய்வு அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே ஒப்பந்தத்தில் சில செய்திகளை வெளிப்படையாக எழுதி வாங்குங்கள். ஆவணங்களின் எண்மப் படிகள் நம் நூலகத்துக்கும் வர வேண்டும். களத்தில் பதிவு செய்த ஒலியும் ஒளியும் இங்கேயும் ஒரு படி இருக்க வேண்டும். திட்டத்துக்கு இரு தலைவர்கள், ஒருவர் இங்கிருந்து. களப்பணி செய்தவரின் பெயர் கட்டுரையாசிரியர் வரிசையில் வர வேண்டும். நன்றியுரையில் “எங்கள் மொழிபெயர்ப்பாளர்” என்று ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது. பேட்டி கொடுத்தவர் தன் பேச்சைத் திரும்பப் பெற விரும்பினால் இரு நாட்டிலும் அது நீக்கப்பட வேண்டும். இவற்றைக் கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று நம்மில் பலர் தயங்குகிறோம். என் அனுபவத்தில் நல்ல ஆய்வாளர்கள் இதைக் கேட்டதும் மகிழ்ந்தார்கள்; முகம் சுளித்தவர்களோடு பணி எப்படியும் நடந்திருக்காது.

இணையவழிக் கூட்டங்களுக்குப் பிற்பகல் 2 மணி பொருத்தமான நேரம். ஜெர்மனியில் அப்போது குளிர்காலத்தில் காலை 9.30, கோடையில் 10.30, ஜகார்த்தாவிலும் யோக்யகர்த்தாவிலும் 3.30. வெள்ளிக்கிழமையில் மட்டும் அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்து திரைக்கு முன் உட்கார வேண்டியிருக்கும்.

பணமும் விசாவும்

இந்தப் பகுதி சலிப்பூட்டும். ஆனால் பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் முறிகின்றன. பட்டப்படிப்பையே இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வழங்கும் எண்ணம் இருந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளைப் படியுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் மதிப்பீட்டில் குறைந்தது 3.01 புள்ளி போன்ற தகுதிகள் அதில் சொல்லப்பட்டுள்ளன. பட்டம் வேண்டாம், ஆய்வும் மாணவர் வருகையும் போதும் என்றால் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. முதல் மூன்று ஆண்டுகளுக்கு அதுவே போதும்.

வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன் கீழ் வருகிறது. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் கூட வாங்க முடியாது. தனி ஆசிரியரின் கணக்கில் வாங்குவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. பணம் புது டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு வந்தே இங்கு வரும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பெற்ற நன்கொடையை மற்றொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. மூன்று கல்லூரிகள் சேரும் திட்டத்தில் ஒரு கல்லூரி பணத்தை வாங்கிப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று வரைவு எழுதிவிட்டுப் பிறகு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். செலவுத் திட்டம் எழுதும் நாளிலேயே கணக்குத் தணிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒன்று தோன்றுகிறது: முதல் ஆண்டில் வெளிநாட்டுப் பணமே வாங்காமல், அவரவர் செலவை அவரவரே ஏற்பது என்று தொடங்கினால், பணி நிலைக்குமா என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

பன்னாட்டு மாநாடு நடத்துவதாக இருந்தால் உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் அனுமதிகளுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். மாநாட்டுக்கு வருபவர் மாநாட்டு விசாவிலும், தங்கி ஆராய்பவர் ஆராய்ச்சி விசாவிலும் வர வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து களப்பணி செய்வதற்கு நீங்கள் துணை போகாதீர்கள். சமயப் பணிக்கென்று தனி விசா வகை இருப்பதால், வருகிறவர் குருவோ போதகரோ மௌலவியோ ஆக இருந்தால், இங்கே இருக்கும் நாட்களில் பிரசங்கம் செய்யப் போவதில்லை என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். அன்பினால் அழைக்கும் ஒரு சபைக் கூட்டம் கூட அவருக்குச் சிக்கலாகிவிடும். விருந்தினர் தங்கும் இடத்தார் 24 மணி நேரத்துக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு விவரம் அனுப்ப வேண்டும். ஆசிரியர் வீட்டில் தங்கினாலும் இது பொருந்தும்.

ஊருக்குள் போகும் முறை

ஓர் ஊருக்கு ஆய்வுக்குப் போவதற்கு முன் இரண்டு முறையாவது ஆய்வில்லாமல் போய் வாருங்கள். ஜமாஅத்தார், கோயில் நிர்வாகத்தார் அல்லது ஊர் அம்பலகாரர், பங்குத்தந்தை அல்லது சபைப் போதகர் ஆகியோரிடம் தமிழில் அச்சிட்ட ஒரு பக்கக் கடிதத்தை நேரில் கொடுங்கள். நாங்கள் யார், என்ன கேட்கப் போகிறோம், பணம் எங்கிருந்து வருகிறது, கேட்டதை என்ன செய்வோம், எப்போது திரும்பி வந்து காட்டுவோம் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பணத்தைப் பற்றிய வரியை மறைக்காதீர்கள். மற்றவர் மூலம் தெரியவந்தால் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பொறுப்பில் உள்ளவர்களோடு நின்றுவிட்டால் உரையாடல் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களின் உரையாடலாகவே முடியும். பூ விற்பவர், தர்காவில் மயிலிறகு வீசுபவர், கோயில் மேளக்காரர், தேவாலய உபதேசியார், மதரசாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆலிமா, அருள் வந்து ஆடும் பெண் ஆகியோரிடம் இருக்கும் அறிவு வேறு. பெண்களிடம் பெண் மாணவிகளே பேசட்டும். அவர்கள் வேலை ஓய்ந்த மூன்று மணிக்கு மேல் போங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சமயத்தைப் பற்றிய பேச்சு சாதியைத் தொடாமல் போனால் அது பாதி பொய். 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த வரலாறு சமய வரலாறும் சாதி வரலாறுமாகும். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கும் ஊர்களும் நம்மிடம் உண்டு. அயல்நாட்டு விருந்தினர் முன் வீட்டுக் குறையைச் சொல்லலாமா என்று தயங்கி, சமயங்கள் கூடி வாழும் அழகை மட்டும் காட்டிய ஒரு கருத்தரங்கில், தலித் கிறித்தவர் ஒருவர் எழுந்து “எங்களைப் பத்தி எப்பப் பேசுவீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல யாருமில்லை. அன்று முதல் ஒவ்வொரு திட்டத்திலும் அந்தக் கேள்வியை முதல் அமர்விலேயே வைத்துவிடுகிறேன்.

வழக்கோ பதற்றமோ நிலவும் இடத்துக்கு மாணவர்களைப் பேட்டி எடுக்க அனுப்பாதீர்கள். திருப்பரங்குன்றத்தில் முருகன் குடைவரைக் கோயிலும் மலை மேல் சிக்கந்தர் தர்காவும் சமணர் தடயங்களும் இருப்பதால் எல்லா அயல்நாட்டு ஆய்வாளரும் அங்கே போக விரும்புவார்கள். அங்குள்ள உரிமை வழக்கு புதிதன்று. 1923இல் மதுரை நீதிமன்றத்திலும் 1931இல் இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் தீர்ப்பான பழைய வழக்கு அது. பதற்றமான காலத்தில் அத்தீர்ப்புகளை வகுப்பில் வரிவரியாகப் படியுங்கள். ஒரு மலையைப் பற்றி மூன்று தரப்பார் நீதிமன்றத்தில் எந்தச் சொற்களில் பேசினார்கள் என்பதே ஒரு பருவத்துக்குப் போதுமான பாடம்.

அமர்வு நடத்துதல்

நாள் குறிக்கும்போது சித்திரைத் திருவிழா, ரமலான், தவக்காலத்தின் இறுதி வாரம், பொங்கலை ஒட்டிய நாட்கள், பல்கலைக்கழகத் தேர்வு ஆகியவற்றை ஒரே நாட்காட்டியில் எழுதிப் பாருங்கள். ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினோரு நாள் முன்னே வரும் என்பதால் சென்ற ஆண்டுக் கணக்கு உதவாது. சாப்பாட்டைச் சைவமாக வைத்துவிடுவதே எளிது. சமண விருந்தினர் வந்தால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாத ஒரு வரிசை தனியாக வேண்டும். தொழுகைக்கு ஓர் அறையும் கால் கழுவத் தண்ணீரும் இருப்பதை முந்தின நாள் நீங்களே போய்ப் பாருங்கள்.

அமர்வின் மொழி தமிழாக இருக்கட்டும். ஆங்கிலம் பெயர்த்துச் சொல்லப்படட்டும். இதனால் நேரம் இரட்டிப்பாகும். ஆகவே பேசுவோர் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஒருவர் மூன்று வாக்கியம் பேசி நிறுத்த, பெயர்ப்பவர் அதைச் சொல்லி முடிக்கும் அந்த இடைவெளியில் அவையோர் யோசிப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். விரைந்து பேசும் அவையில் அது நடப்பதில்லை.

நம்மவருக்குப் பட்டிமன்றம் இரத்தத்தில் ஊறியது. சாலமன் பாப்பையா போன்றோர் அதை இந்த ஊரிலிருந்து உலகத் தமிழர் வீடுகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தார்கள். ஆனால் அங்கே அணி உண்டு, தீர்ப்பு உண்டு, கைத்தட்டல் உண்டு. உரையாடல் அமர்வில் இவை மூன்றும் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் பாடிய மணிமேகலையில், இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறட்டும் என்கிறான். பகைவரோடும் சினமும் கலகமும் செய்யாது விலகுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறான். அதே காப்பியத்தின் பிற்பகுதியில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையை ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். காப்பியம் பௌத்தத்தின் பக்கம் நிற்பது என்றாலும், பிறர் கொள்கையை அவரவர் வாயாலேயே சொல்ல வைத்துக் கேட்கும் அந்த முறை நமக்கு உதவும். எங்கள் அமர்வுகளில் ஒரு விதி உண்டு: ஒருவர் பேசியதை அடுத்த சமயத்தவர் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், முதலில் பேசியவர் “ஆமாம், இதுதான் நான் சொன்னது” என்று ஒப்புக்கொண்ட பின்பே அவர் தன் கருத்தைத் தொடங்கலாம். முதல் அரை மணி நேரம் தடுமாறுவார்கள். அதற்குப் பின் வேறு விதமாகக் கேட்கத் தொடங்குவார்கள்.

திருப்பிக் கொடுத்தல்

அயல்நாட்டு இதழில் கட்டுரை வருவதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். அதற்குக் காத்திராமல், களப்பணி முடிந்த ஆறு மாதத்துக்குள் பதினாறு பக்கத் தமிழ்ச் சிறு நூல் ஒன்றை அச்சிடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக அதை அந்த ஊரிலேயே, கோயில் திண்ணையிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ ஆலய வராந்தாவிலோ வாசித்துக் காட்டுங்கள். அயல்நாட்டுக் கூட்டாளியின் பயணத்தை இந்த நாளை ஒட்டியே அமைக்க வேண்டும். தொடக்க விழாவுக்கு அவர் வராவிட்டாலும் இழப்பில்லை.

ஒரு மலையடி ஊரில் நாங்கள் அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது, நான்காம் பக்கத்தில் ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். பாறையில் இருக்கும் உருவத்துக்கு நாங்கள் எழுதியிருந்த பெயர் மேலத்தெருவார் சொல்வது, கீழத்தெருவில் அதற்கு வேறு பெயர், அதற்கு வேறு கதை என்றார். கதையைச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூட இருந்த இரண்டு பெண்கள் இடையிடையே அவரைத் திருத்தினார்கள். மாணவி நூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். அப்படிக் கிடைக்கும் திருத்தத்தை, சொன்னவர் இசைந்தால் அவர் பெயரோடு, இரண்டாம் பதிப்பில் சேருங்கள். அதை மொழிபெயர்த்துக் கூட்டாளிக்கும் அனுப்பி, அங்கே அச்சுக்குப் போக இருக்கும் கட்டுரையிலும் அதே திருத்தம் ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு திட்டத்தின் கணக்கை முடியுங்கள்.